மாளிகைமேட்டில் மீண்டும் மாளிகை எழுப்புவோர் யார்?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குத் தென்மேற்கே, நடந்து செல்லும் தொலைவில், மாளிகைமேடு என்றோர் இடம் உள்ளது. பெயரில் மாளிகை இருக்கிறது, மண்ணில் இல்லை. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோதும், 2021 முதல் மீண்டும் அகழ்ந்தபோதும், செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரையோடுகளும், சீனப் பீங்கான் உடைசல்களும் வெளிப்பட்டன. அரண்மனையின் தூண்கள் மரத்தாலானவை. அவை மக்கி மண்ணாயின. அவற்றைத் தாங்கிய கருங்கல் அடிக்கற்கள் சிலவே எஞ்சின. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டுகள் போற்றிப் பேசுவதும், கங்கைக் கரை வரை படை செலுத்திய இராசேந்திர சோழனும் அவன் வழிவந்தோரும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் வீற்றிருந்ததும் இந்தத் தலைநகரில்தான். இன்று அங்குச் சென்று திரும்பும் பள்ளிப் பிள்ளைகள் கண்டு வருவது சில குழிகளையும், முழங்கால் உயரச் செங்கல் வரிசைகளையும், ஓர் அறிவிப்புப் பலகையையுமே.

மாளிகைக்கு நேர்ந்தது காலம் செய்த அழிவு. கோயில் மதிலுக்கு நேர்ந்ததோ மாந்தர் செய்த அழிவு. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய வெள்ளையராட்சி, அணைக்கு வேண்டிய கருங்கல்லுக்காக இக்கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்தெடுத்துக்கொண்டது. தடுக்க முயன்ற ஊரார், ஆட்சியை மதியாதவர் என்று தண்டிக்கப்பட்டனர். பிரித்த கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல்மதில் கட்டித் தரப்படும் என்று சொல்லப்பட்டது. அச்சொல் காற்றோடு போயிற்று. அணைக்கரையைக் கடப்போர் ஆற்றுநீரை நோக்குகின்றனர். அந்நீரைத் தடுத்து நிற்பதில் இராசேந்திரன் மதிற்கல்லும் உண்டு என்பதை எண்ணுவார் எத்தனை பேர்?

போன கல்லை மீண்டும் கொணர்ந்து அடுக்க இயலாது. அடுக்குதல் முறையுமன்று, தொல்லிடங்களின்மேல் புதுக்கட்டடம் எழுப்புவது, எஞ்சியதையும் அழிப்பதாகவே முடியும். ஆனால், மண்ணைத் தொடாமல், ஒரு கல்லையும் நகர்த்தாமல், இடிந்த நகரை ஒளியில் எழுப்பிக் காட்டும் கலை ஒன்று இன்று உலகில் வளர்ந்து நிற்கின்றது. ஓர் ஊரையோ, கோட்டையையோ, காட்டையோ, கடலடியையோ நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றளவும் பொருந்தக் கணினிக்குள் வனைந்து, பார்ப்போன் அதனுள்ளே புகுந்து நடக்கவும், திரும்பவும், அண்ணாந்து நோக்கவும் செய்கின்ற கலை அது. அசைபடங்களும் கணினி விளையாட்டுகளும் இக்கலையின்மேல்தான் நிற்கின்றன. முப்பரிமாணம் என்று வடசொற் கலந்து வழங்குவதை முப்பருமை எனலாம். குயவன் கலம் வனைவதுபோல் இடத்தை வனைவதால் இக்கலையைச் சூழல்வனைவு எனலாம். இதனினும் நல்ல சொல் உடையார் தருவாராயின், அது வழங்குக.

இக்கலையால் இராசேந்திரனுக்கு ஏற்கெனவே ஒரு களம் அமைத்தாயிற்று, அமைத்தவர் தமிழரல்லர். அமெரிக்க நாட்டு மைக்குரோசாப்டு நிறுவனம் 'ஏச் ஆப் எம்பயர்சு' என்னும் போர் விளையாட்டின் இரண்டாம் தொகுதிக்கு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவொன்றில், இராசேந்திரன் பெயராலேயே ஒரு போர்த்தொடர் வைக்கப்பட்டுள்ளது. திராவிடர் என்றொரு பிரிவும் அதில் உண்டு. அயலவர் செய்தனரே என்று அதனைப் பழிப்பது அறிவுடைமையன்று, அவர்களேனும் செய்தனர். சயங்கொண்டத்து இளைஞன் ஒருவன் அதனை விலை கொடுத்து வாங்கித் தன் ஊர் மன்னனைத் தன் விரலால் நடத்தி மகிழலாம். மகிழட்டும். ஆனால், அம்மன்னன் கட்டிய நகரின் கூரையோடு எவ்வடிவினது என்பதை, மாளிகைமேட்டுக்குப் பத்துக் கல் தொலைவில் பிறந்தவனைவிடக் கடல்கடந்த நாட்டான் நன்கறிவான் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இக்கலையைக் கற்க விழையும் இளைஞர் இல்லாமலில்லை. பொறியியலும் கணினியறிவியலும் பயின்றோர் இரு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் உளர். கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டார் கடன்பட்டுத் தரும் பணத்தோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று தனியார் பயிற்சிக் கூடங்களில் சேர்கின்றனர். அங்கு அவர்கள் எதனைக் கற்கின்றனர் என்பதைக் கருத வேண்டும். கருவி ஆங்கிலத்தில், பாடம் ஆங்கிலத்தில், அது மட்டுமன்று, வனையச் சொல்லும் இடமும் ஆங்கிலத்தின் இடமே. ஐரோப்பியரின் இடைக்காலக் கள்ளுக்கடை, பனி மூடிய கோட்டை, கூர்ங்கோபுர மாதாகோயில், மழை நனைந்த சப்பானியத் தெரு என இவையே பயிற்சிக்கு வைக்கப்படும் களங்கள். பனியையே கண்ணாற் காணாத பிள்ளை பனிக்கோட்டை வனைகின்றான். தன் ஊர்க் கோயிலின் கொடுங்கையை ஆயிரம் முறை நிமிர்ந்து பார்த்தவன், அதற்குக் கொடுங்கை என்று பெயர் என்பதையே அறியாமல், அயலான் கோயிலின் வளைவுக்குரிய பெயர்களை மனப்பாடம் செய்கின்றான்.

கற்று முடித்தபின் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் அடிமை வேலையே. அயல்நாட்டுப் படங்களுக்காகக் காட்சிதோறும் உருவங்களின் விளிம்பைக் கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தலும், கம்பிகளையும் கறைகளையும் துடைத்து நீக்குதலும் ஆகிய கூலிப்பணிகளே இந்தியாவுக்கு மிகுதியாக வந்து சேர்கின்றன. அவ்வேலையும் நிலையில்லாதது. 2025ஆம் ஆண்டு பிப்பிரவரியில் டெக்னிக்கலர் என்னும் பன்னாட்டுக் குழுமம் நொடித்து வீழ்ந்தபோது, பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஓரிரு நாளில் வேலை இழந்தனர். அவர்களுக்குக் கைத்திறம் இல்லாமலில்லை. ஆணையிடும் தலை மட்டும் வேறு நாட்டில் இருந்தது.

தமிழ்வழியில் இக்கலையைக் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. இக்கலைக்கு இன்று உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று பிளெண்டர். அதனை முதன்முதலாகத் திறப்பவன் திரையில் காண்பவை மூன்றே: ஒரு கனச்சதுரம், ஒரு விளக்கு, ஓர் ஒளிப்படக் கருவி. கனச்சதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை என்பதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் படிக்கும் சிறுவன் நடுநிலை வகுப்புக்குள்ளேயே கற்றுவிடுகின்றான். அம்மென்பொருளில் எவ்வளவு பெரிய நகரை வனைந்தாலும், ஈற்றில் அது முனை, விளிம்பு, முகம் என்னும் இம்மூன்றன் பெருக்கமே. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் வருகின்றது. பொருளை எங்கு வைப்பது என்பது அதுவே. எதிரொளிப்பும் ஒளிவிலகலும் அறிவியற் பாடத்தில் வருகின்றன. கல் மங்கலாகவும், செம்பு பளபளப்பாகவும், ஏரிநீர் வானைக் காட்டுவதாகவும் தோன்றுவதற்குரிய அறிவு அதுவே. ஆகவே, உடையார்பாளையத்துப் பிள்ளைக்கு இக்கலையின் அடிப்படையறிவு முழுமையும் தாய்மொழியில் ஏற்கெனவே உள்ளது. பயிற்சிக்கூடத்தின் வாயிலில் அவனிடம், "அதையெல்லாம் மறந்துவிடு, அவற்றின் ஆங்கிலப் பெயரிலிருந்து தொடங்கு" என்று சொல்கின்றனர். அறிந்தவனை அறியாதவனாக்கும் கொடுமை இதுவன்றோ?

எஞ்சியவற்றுக்குச் சொல் ஆக்குவதும் அரிதன்று. முனைகளும் விளிம்புகளும் கூடிய கட்டமைப்பு வலை. அவ்வலையின்மேல் கல்லின் நிறமும் சொரசொரப்பும் தோன்றப் போர்த்துவது மேற்போர்வை. ஓலைப்பெட்டியின் மூலைகளைப் பிரித்துப் பாய்போல் விரிப்பதுபோல், உருவத்தைப் பிரித்து விரித்தால்தான் அதன்மேல் தீட்ட முடியும், அது விரிப்பு. ஒரு தூணை ஒருமுறை வனைந்து நூறிடத்தில் நிறுத்துவது படிவைப்பு. தொலைவில் தெரியும் பொருளுக்கு நுணுக்கம் குறைந்த மற்றொரு படியை வைத்துக் கணினியின் சுமையைக் குறைப்பது சேய்மைப்படி. இவற்றுள் எதனை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப்பிள்ளைக்கு அகரமுதலி வேண்டும்?

சொல்லைவிடப் பெரிய செல்வம் ஒன்று தமிழரிடம் உண்டு, அது கட்டடமுறை. கங்கைகொண்ட சோழபுரத்து நடுக்கோபுரம் தஞ்சைக் கோபுரத்தினும் உயரத்தாற் சற்றுக் குறைந்தது. ஆனால், தஞ்சைக் கோபுரம் நேர்க்கோட்டில் ஏற, இது உள்வாங்கி வளைந்து ஏறுகின்றது. இரண்டையும் அருகருகே வனைந்து பார்க்கும் மாணவன், தந்தை கட்டியதை மகன் எவ்வாறு மாற்றிக் கட்டினான் என்பதை நூறு பக்கங்கள் படித்து அறிவதினும் தெளிவாக அறிவான். மேலும், அக்கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் மூலையில் ஒரு கூடு, நடுவில் ஒரு சாலை, இடையில் ஒரு பஞ்சரம் என்று சிறு கோயில்களே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கூட்டையும் ஒரு சாலையையும் பிழையின்றி வனைந்துகொண்டால், அளவைக் குறைத்துக் குறைத்துப் படிவைத்து, நிலைமேல் நிலையாகக் கோபுரத்தை எழுப்பலாம். இன்றைய விளையாட்டு நிறுவனங்கள் உறுப்புகளைத் தனித்தனியே வனைந்து பலவாறு கோத்து நகரமைக்கும் முறையை மிகப் புதிதென்று கொண்டாடுகின்றன. உறுப்பைக் கோத்து முழுமையை எழுப்பும் அவ்வறிவு தமிழ்க் கல்தச்சன் கையில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. போதிகை, பலகை, கொடுங்கை, வரி, கால் என அவன் வழங்கிய சொற்கள் இன்றும் கோயிற்பணி செய்வோர் நாவில் வாழ்கின்றன. (அவற்றோடு வடசொற்களும் பல கலந்து கிடக்கின்றன, களைய வேண்டுவன களையப்படுக. உள்ள தமிழ்ச்சொற்களை எழுதி வைப்பதே இப்பொழுது முதற்பணி.)

தொடங்குவோர்க்குக் கங்கைகொண்ட சோழபுரம் பெரிது என்று தோன்றின், எளிய களங்களும் இம்மாவட்டங்களில் உள. பெரம்பலூர்க்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரப் போரில் ஆங்கிலரும் பிரெஞ்சியரும் மோதிய இடம் அதன் சுற்றுப்புறமே. மதில், கொத்தளம், அகழி என மூன்று நான்கு உறுப்புகளே உடையதாகலின் புதிய மாணவன் ஒருவன் சில கிழமைகளில் வனைந்துவிடலாம். கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் பழுவேட்டரையர் ஆண்ட ஊர்கள். அவர்தம் கீழையூர் இரட்டைக்கோயில் சிறிதாயினும் சோழர் தொடக்கக் காலக் கலையின் ஒளிமணி. அப்பெயர்களைத் திரைப்படத்தில் கண்டு கைதட்டியவர்கள், அவ்வூர்கள் அரியலூர் மாவட்டத்தில் இருக்கின்றன என்று கேட்டால் வியக்கின்றனர்!

இனி, கல்லினும் பழையதொரு செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூரும் பெரம்பலூரும் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம்.எசு. கிருட்டிணன் அதனைக் கண்டறிந்தார். காரையின் வெட்டவெளிகளிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சுருட்சங்கு போன்ற கடலுயிர்களின் கல்லுருக்கள் கிடைத்தவண்ணம் உள்ளன. அச்சுண்ணாம்புக்கல்லையே சிமிட்டி ஆலைகள் நாள்தோறும் வெட்டியெடுத்து அரைக்கின்றன.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மாபெரும் தொல்விலங்கொன்றின் எலும்புகள் கிடைத்தன. அறிஞர் இருவர் 1980ஆம் ஆண்டுகளில் அதற்குப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தனர். நிலத்தில் வாழ்ந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அஃது இருந்திருக்கலாம் என்று அறிஞருலகம் இன்றளவும் ஆய்ந்துவருகின்றது. (தமிழ்மண்ணில் கிடைத்த அவ்விலங்குக்கும் 'பேருடலி' எனப் பொருள்படும் பிருகத்காயோசாரசு என்னும் வடமொழி கலந்த பெயரே வாய்த்தது.) ஆனால், அவ்வெலும்புகள் இன்று இல்லை. மழையில் நனைந்தும் உலர்ந்தும் நொறுங்கிப் பொடியாயின. எஞ்சியவை சில வரைபடங்களும் மங்கிய ஒளிப்படங்களுமே. அறிஞர் அவற்றை வைத்துக்கொண்டு, அது விலங்கின் எலும்பேதானா, கல்லாகிய மரமா என்று நெடுங்காலம் வழக்காடினர்.

அக்காலத்தில் அவ்வெலும்பை உள்ளவாறே முப்பருமையிற் பதிந்து வைக்க எளிய வழியில்லை. இன்று உண்டு. ஒரு பொருளைச் சுற்றிவந்து, ஒன்றோடொன்று மேற்படியுமாறு நூறு இருநூறு ஒளிப்படங்கள் எடுத்தால் போதும். அப்படங்களில் பொதுவாகக் காணும் புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எங்குள்ளது என்று கணக்கிட்டு, அப்பொருளின் உருவைத் திரையில் நிறுத்திவிடும். ஒளிப்பட அளவியல் எனப்படும் இதற்கு நடுத்தரக் கைப்பேசியும், கோல் ஒன்றும், நிழல் கடுமையாக விழாத காலைப்பொழுதும் போதும். அளவுகோலைப் பொருளருகே வைத்துப் படமெடுக்க மறந்தால் உரு கிடைக்கும், அளவு கிடைக்காது. கல்லமேட்டில் போனது போயிற்று. நாளை ஒரு சுரங்கத்தில் வெளிப்படும் கல்லுரு, ஆலையின் அரைவைக்குப் போகுமுன் அருகிலுள்ள பள்ளியின் மாணவர் நால்வர் கைப்பேசியோடு சென்றால், அடுத்த கல்லமேடு நேராது. முப்பருமைக் கலையை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கும் தமிழறிஞர்கள் இதனை ஓர்ந்து பார்க்க வேண்டும்.

சீனர் இதனை ஓர்ந்தனர், செய்தும் காட்டினர். 2024ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் வெளிவந்த 'பிளாக் மித் வூகோங்' என்னும் விளையாட்டு, பதினாறாம் நூற்றாண்டுச் சீனக் கதையொன்றைத் தழுவியது. அதனை வனைந்தோர் மேலைநாட்டுக் கோட்டைகளைத் தேடிப் போகவில்லை. தம் நாட்டிலேயே 36 தொல்லிடங்களைத் தேர்ந்து, மரக்கோயில்களையும் சிலைகளையும் நேரிற் சென்று அளந்து பதிந்து, அவற்றையே களமாக்கினர். அவற்றுள் 27 இடங்கள் சான்சி என்னும் ஒரே மாநிலத்தில் உள்ளவை. மூன்று நாளில் 1 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன. யாரும் எட்டிப் பாராத சிற்றூர்க் கோயில்களைக் காண மக்கள் திரண்டு சென்றனர். உலகத்து இளைஞர் சீனக் கடவுளரின் பெயர்களைச் சீன ஒலிப்பிலேயே சொல்லக் கற்றனர். விளையாட்டு இயங்கும் பொறி அமெரிக்கருடையதே. ஆனால் அதற்குள் ஓடிய குருதி சீனருடையது.

சீனம் பெருநாடு, தமிழர்க்கு அது ஒப்பாகுமா என்பர் சிலர். ஐரோப்பாவில் இலாத்வியா என்றொரு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலக்கம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்கள்தொகையைக் கூட்டினாலே 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 13 இலக்கத்தைத் தாண்டும். அச்சிறு நாட்டு இளைஞர் கிண்ட்சு சில்பாலோடிசு இயக்கிய 'புளோ' என்னும் அசைபடம், பிரான்சு, பெல்சியம் நாட்டாரின் துணையோடு உருவாகி, 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஆசுக்கர் பரிசு பெற்றது. இலாத்வியா பெற்ற முதல் ஆசுக்கர் அதுவே. வெள்ளத்தில் மூழ்கிய உலகொன்றில் தனித்துத் திரியும் ஒரு பூனையின் கதை. ஒரு சொல்லும் பேசப்படாத படம். அதனை வனைந்த கருவி, மேலே கூறிய அதே பிளெண்டர். காசு கொடுத்து வாங்க வேண்டாத மென்பொருள்.

அம்மென்பொருள் பொதுவுடைமையான கதையையும் தமிழியக்கத்தார் அறிந்திருத்தல் நன்று. நெதர்லாந்தில் அதனை உருவாக்கிய தோன் ரூசெந்தால் என்பாரின் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் நொடித்தது. மென்பொருளின் உரிமை கடன் கொடுத்தோர் கைக்குப் போயிற்று. அதனை மீட்க 1,00,000 யூரோ வேண்டியிருந்தது. பயன்படுத்தியோர் உலகெங்கும் இருந்து சிறுசிறு தொகையாகத் தந்து, ஏழே கிழமைகளில் அத்தொகையைத் திரட்டினர். அவ்வாண்டு அத்தோபர் முதல் அதன் மூலநிரல் எல்லார்க்கும் உரிமையாயிற்று. அதனை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், எம்மொழியிலும் பெயர்க்கலாம். அதாவது, அதன் கட்டளைகள் ஒவ்வொன்றும் செந்தமிழில் தோன்றுமாறு செய்வதற்குத் தமிழர் யாரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. வேண்டுவது, சொல்லறிந்த தமிழாசிரியரும் கருவியறிந்த இளைஞரும் ஒரு மேசையில் அமர்வதே. அவ்வாறு அமராமைக்குத் தில்லியைக் குற்றஞ்சொல்ல முடியாது.

தில்லியைக் குற்றஞ்சொல்ல வேண்டிய இடம் வேறு. அசைபடம், விளையாட்டு முதலிய கலைகளுக்கென இந்தியத் தேசிய உயர்நடுவம் ஒன்றை மும்பையில் அமைக்க ஒன்றிய அரசு 2024ஆம் ஆண்டு செப்தம்பரில் ஒப்புதல் தந்தது. மும்பை இந்தித் திரையுலகின் தலைநகர். நடுவம் அங்குச் செல்வதில் வியப்பில்லை. கங்கைகொண்ட சோழபுரக் கோயிலும் ஒன்றிய அரசின் தொல்லியல் துறைக் காப்பிலேயே உள்ளது. 2025ஆம் ஆண்டு சூலையில் ஆடித் திருவாதிரைக்குத் தலைமையமைச்சரே அங்கு வந்து, இராசேந்திரன் பெருமை பேசி, நாணயமும் வெளியிட்டுச் சென்றார். அடுத்த நாள் அங்குச் சென்ற பள்ளிப்பிள்ளை கண்டது, முதல் நாள் இருந்த அதே குழிகளையும் அதே பலகையையும்தான்.

தமிழ்நாட்டரசின் பொறுப்பும் சிறிதன்று. பாவாணர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை 1974ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு அது. அவ்வியக்ககத்தின் வழி இன்று சொற்குவை என்னும் கலைச்சொற்றொகுதியும் வளர்ந்து வருகின்றது. சொல் ஒருபுறம் குவிய, பயிற்சி மற்றொருபுறம் ஆங்கிலத்தில் நடக்க, இரண்டும் ஒன்றையொன்று காணாமலே இருப்பின் அச்சொற்கள் ஏட்டுச் சுரைக்காயே. மாளிகைமேட்டை அகழும் துறை, தன் அளவைப் படங்களை அரியலூர், பெரம்பலூர் அரசுக் கல்லூரிகளுக்குக் கொடுத்தால், வரலாற்று மாணவனும் கணினி மாணவனும் சேர்ந்து ஒரே ஆண்டில் திருமாளிகையின் ஒரு மண்டபத்தையேனும் எழுப்பிக் காட்டுவர்.

எழுப்பும்போது ஒன்றில் விழிப்பு வேண்டும். மரத்தூண் போயிற்று, அடிக்கல் மட்டும் உண்டு என்றால், தூணின் பருமனை அடிக்கல்லிலிருந்து அறியலாம். உயரத்தை ஒருவாறு உய்த்துணரலாம். அத்தூணில் யாளி இருந்ததா, பூங்கொடி இருந்ததா என்பதை எவரும் அறியார். அறியாத இடத்தில் திரைப்படக்காரர் பொன்தகடு வேய்ந்துவிடுகின்றனர். தமிழ்ப் பற்றாளர் சிலரும் அவரினும் ஒருபடி மேற்சென்று, ஏழு நிலை மாடத்தைப் பதினான்கு நிலையாக்கி மகிழ்வர். பொய்யால் எழுப்பிய மாளிகையைப் பகைவன் ஒருவன் ஒரே வினாவில் இடித்துத் தள்ளிவிடுவான். அப்பொழுது மெய்யாக இருந்த சுவரும் சேர்ந்து வீழும். அகழ்வில் கிடைத்தது ஒரு நிறத்திலும், கல்வெட்டாலும் இலக்கியத்தாலும் அறிந்தது மற்றொரு நிறத்திலும், உய்த்துணர்ந்தது வேறொரு நிறத்திலும் தோன்றுமாறு காட்டும் வசதி இக்கலையில் உண்டு. அவ்வாறு காட்டுவதே தமிழாசிரியர் தம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய ஒழுங்கு.

ஆங்கிலப் பெயர்களைக் கற்றால்தானே வேலை கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோர் உளர்; அவர்தம் அச்சம் உண்மையானது. அவர்களை இனப்பற்றில்லாதவர் என்று ஏசுவதால் ஆவதொன்றுமில்லை. கட்டளைகளின் ஆங்கிலப் பெயர்கள் சில நூறே. அவற்றை வேலைக்குச் செல்பவன் ஓரிரு திங்களில் கற்றுக்கொள்வான். கற்க வேண்டாமென்று எவரும் தடுக்கவில்லை. ஆனால், ஒளி எவ்வாறு விழுகின்றது, கல் எவ்வாறு தேய்கின்றது, தெருவின் அகலத்துக்கும் மாடத்தின் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்னும் அறிவு, எண்ணும் மொழியில்தான் வேர்கொள்ளும். பெயரை மட்டும் கற்றவன் ஏவிய வேலையைச் செய்வான். பொருளை அறிந்தவன் வேலை கொடுப்பான்.

சயங்கொண்டம், உடையார்பாளையம், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் பகுதிகளில் உள்ள தமிழன்பர்கள், தம் ஊரில் கோயிற்பணி செய்யும் கல்தச்சர், மரத்தச்சர், சுதைவேலை செய்வோர், செங்கற்சூளையார், கூரை வேய்வோர் ஆகியோர் வழங்கும் கட்டடச் சொற்களை, அவர்கள் சொல்லும் ஒலிப்பிலேயே, சொல்லுக்கொரு சிறு வரைபடத்தோடு எழுதி இவ்விதழ்க்கு விடுப்பாராக. முதியோர் பலர் எண்பதைக் கடந்தவர். அவரோடு சொல்லும் போய்விடும். வரும் சொற்கள் அடுத்த திங்களிதழ் முதல், கணினியிற் சூழல்வனைவு கற்கும் மாணவர்க்குப் பயன்படும் வகையில் வரிசைப்படுத்தி வெளியிடப்பெறும். கூரையோட்டின் பெயர்களிலிருந்து தொடங்கலாம்; மாளிகைமேட்டில் மிகுதியாகக் கிடைத்தவை அவையே.